‘செட்’ எதை உட்கார வைக்கிறது?

‘ஆங்கிலத்தில் ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு நானூறுக்கு மேல் பொருள் இருக்கிறதாமே, நிஜமா? ஒரே சொல் அத்தனையையும் எப்படிச் சுமக்கிறது? பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ‘செட் என்றால் வைத்தல்’ என்று சொல்லிக்கொடுத்தேன். அப்படியானால் சன்செட்டில் சூரியனை யார், எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டாள்.’ இதுதான் கேள்வி.

மகள் கேட்டிருப்பது மிகச் சரியான கேள்வி. அந்த ஒன்றுக்கு நேராகப் பதில் சொல்ல முடிந்தால் மற்ற பொருள்களில் பெரும்பாலானவை தாமாக வழிக்கு வந்துவிடும். வகுப்பறையில் ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகவே பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்தச் சொல்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். 1989இல் இருபது தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள் சொல்லப்பட்டுள்ளன. விளக்கமும் மேற்கோள்களுமாகச் சேர்த்து அந்தப் பதிவு ஏறக்குறைய 60,000 சொற்கள் நீளும். ஒரு நாவலின் அளவு அது. ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அது வரலாற்று அகராதி. ஆயிரம் வருடத்துக்கு முன் வழங்கி, இன்று ஒருவரும் பேசாத பொருளையும் அது விடாமல் பதியும். ‘செட் அப்’, ‘செட் ஆஃப்’ மாதிரியான கூட்டுகளையும் அவற்றின் உட்பிரிவுகளையும் தனித்தனியாக எண்ணும். வீட்டில் புரட்டுகிற அகராதியில் இதே சொல்லுக்கு ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும்.

முதலிடமும் இப்போது ‘செட்’டிடம் இல்லை. மூன்றாம் பதிப்புக்காக ‘ரன்’ என்ற வினையைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர், அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். 645 பொருள்கள் தேறின. தொழிற்புரட்சிக்குப் பிறகு இயந்திரம், ரயில், கம்பெனி, கடைசியில் கணினி நிரல்வரை எல்லாமே ‘ஓட’ ஆரம்பித்துவிட்டன. நம்மிடமும் மோட்டார் ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை சுமாராக ஓடுகிறது.

அதிகம் புழங்குகிற சொல்லுக்குப் பொருளும் அதிகம் என்பது ‘செட்’டின் தனிக் குணம் இல்லை. அமெரிக்க மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப் 1945இல் இதை ஒரு கணக்காகவே எழுதினார்: சொல்லின் பொருள் எண்ணிக்கை, அது புழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. அதாவது நூறு மடங்கு கூடுதலாகப் புழங்கும் சொல்லுக்குச் சுமார் பத்து மடங்கு பொருள். நம் இலக்கணக்காரர்களுக்கு இந்த விஷயம் வெகு காலத்துக்கு முன்பே தெரியும். தொல்காப்பியத்தின் உரியியல், ‘கடி’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் என்று பத்துப் பொருள் சொல்கிறது. சூடாமணி நிகண்டு தன் பதினோராவது தொகுதி முழுவதையும் ஒரு சொல் பல்பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறது.

இனி ‘செட்’டின் பிறப்புக்கு வருகிறேன். இந்தப் பதிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ என்றால் உட்கார வை. அவ்வளவுதான் மூலப் பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘சிட்டன்’ என்றால் உட்காருதல், ‘செட்டன்’ என்றால் உட்காரச் செய்தல். நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படிக்கிறோமே, அதே உறவு. தமிழில் இரு என்பதிலிருந்து இருத்து வரும், அமர் என்பதிலிருந்து அமர்த்து வரும். ஆங்கிலமும் அதன் உறவு மொழிகளும் ஒரு காலத்தில் உயிரெழுத்தை மாற்றி இதே வேலையைச் செய்தன. அப்படி வந்த ஜோடிகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபெல்’ என்பதுதான் சொல். ‘டிரிங்க்’ குடி, ‘டிரெஞ்ச்’ குடிக்க வை. இந்தக் கடைசி ஜோடி உண், ஊட்டு என்பது மாதிரி. ஆனால் இன்றைய ‘டிரெஞ்ச்’ நனைத்துத் தொப்பலாக்குதல் என்று மாறிவிட்டதால் உறவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கே இது தனியாகச் சொன்னால்தான் தெரியும். தமிழ்ப் பிள்ளைக்கோ இந்த இயந்திரம் வாய்க்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடு ஓட்டு, ஆடு ஆட்டு, ஏறு ஏற்று, திருந்து திருத்து என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ஆகவே உங்கள் மகளுக்கு ‘செட் என்றால் வைத்தல்’ என்பதைவிட ‘செட் என்றால் அமர்த்து’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே வித்தியாசம் தெரியும்.

இந்த வேர் இன்னும் ஆழத்துக்குப் போகிறது. இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ‘உட்கார்’ என்பதற்கு உள்ள அதே வேர்தான் சமஸ்கிருதத்தில் ‘ஸத்’. குருவின் அருகே கீழே அமர்தல் என்று வழக்கமாக விளக்கப்படும் உபநிடதம் என்ற சொல்லில் அது இருக்கிறது. வித்வான்கள் கூடும் சதஸ் என்பதிலும் இருக்கிறது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ‘செஷன்’, ‘பிரெசிடென்ட்’ எல்லாம் இதன் பிள்ளைகள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் பிரெசிடென்ட். பறவைக் கூட்டுக்கான ‘நெஸ்ட்’ கூட ‘கீழே அமருமிடம்’ என்பதிலிருந்து வந்தது. ‘செட்டில்’ இன்னொரு நெருங்கிய உறவு. பழைய ஆங்கிலத்தில் இருக்கைக்கு ‘செட்ல்’ என்று பெயர், அதிலிருந்துதான் செட்டில். மகன் வெளிநாட்டில் செட்டில் ஆகிவிட்டான் என்றாலும், பதிவு அலுவலகத்தில் தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதினாலும், அடியில் இருப்பது ஓர் இருக்கை.

சூரியனுக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். சூரியன் மறைவதைப் பழைய ஆங்கிலத்தில் ‘செட்ல்கங்’ என்றார்கள். செட்ல் இருக்கை, கங் போதல்: சூரியன் தன் இருக்கைக்குப் போகிறது. சன்செட்டில் சூரியனை யாரும் எங்கும் வைப்பதில்லை. நாள் முழுக்க நடந்த சூரியன் தானே போய் அமர்கிறது. இங்கே ‘செட்’ தன்வினைப் பக்கம் சாய்ந்துவிட்டது. நாம் சொல்லும் அஸ்தமனத்தையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். வேதகாலச் சமஸ்கிருதத்தில் ‘அஸ்தம்’ என்றால் வீடு. அஸ்தமனம் என்பது வீடு திரும்புதல். ஆங்கிலேயரின் சூரியன் நாற்காலிக்குப் போனது, வேதகாலத்தவரின் சூரியன் வீட்டுக்குப் போனது, நம் கிராமத்தில் பொழுது சாய்ந்தது, பொழுது அடைந்தது. பறவைகள் மரத்தில் வந்து அடைவதும் அதே சொல்தான். எனக்கு இதைச் சொல்லித் தீராது.

உட்கார்ந்ததற்கு இரண்டு குணம் உண்டு. அது தனக்கான இடத்தில் இருக்கும், உட்கார்ந்தபின் நகராது. ‘செட்’டின் பொருள்களில் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்துதான் கிளைக்கிறது.

முதல் கிளையைப் பார்ப்போம். ‘செட்’ என்று சொன்னால் அந்தப் பொருளுக்கு உரிய இடம், உரிய நிலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே அதை அமர்த்துகிறோம். ‘புட்’ அப்படியில்லை. ‘புட்’ என்பதன் பழைய பொருள் தள்ளுதல். விளையாட்டு மைதானத்தில் குண்டு எறிதலை ஷாட் புட் என்கிறார்களே, அதில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. பையன் பள்ளிப் பையைக் கொண்டுவந்து மூலையில் ‘புட்’ பண்ணுவான். பொற்கொல்லர் கல்லைத் தோட்டில் ‘செட்’ பண்ணுவார். தமிழில் தோராயமாகச் சொன்னால் ‘புட்’ நம் போடு, ‘செட்’ நம் வை. பையைப் போட்டான், கல்லை வைத்தார். கல் வைத்த தோடு என்றுதான் நாமும் சொல்கிறோம்.

இந்த விஷயத்தில் ஜெர்மன் மொழி நமக்கு நெருக்கம். உட்கார வைப்பதற்கு ஒரு வினை, நிற்க வைப்பதற்கு ஒன்று, படுக்க வைப்பதற்கு ஒன்று என்று அது பிரித்தே பேசும்: ஸெட்ஸென், ஷ்டெல்லன், லேகன். நம் இருத்து, நிறுத்து, கிடத்து அப்படியே. ஆங்கிலம் அந்த நடுச் சொல்லை விட்டுவிட்டது. பாட்டிலை நிறுத்தினாலும், குழந்தையை இருத்தினாலும், பல வேலைகளுக்குச் ‘செட்’தான் வந்து நிற்கிறது. அதன் சுமை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

‘வை’யும் ‘செட்’டும் எத்தனை இடத்தில் ஒன்றாக நடக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அலாரம் வைக்கிறோம், பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம், விலை வைக்கிறோம், நிலவில் கால் வைக்கிறோம். ஐந்திலும் ஆங்கிலத்தில் ‘செட்’. கோழியை அடை வைக்கிறோம். அதற்கும் ஆங்கிலக் கிராமங்களில் ‘செட்’தான் சொல். ஒன்றின் மேல் மனசை வைத்துவிட்டாள் என்பதற்கும் ‘செட்’. இதைவிட அழகானது துணைவினை. ‘அவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது’ என்போம். ஆங்கிலத்தில் ‘இட் செட் மி திங்கிங்’. ஒருவரை ஒரு செயலில் அமர்த்திவிடுவது இரண்டு மொழிக்கும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில், வெள்ளம் வடிந்தபின் கடவுள் மேகத்தில் வில்லை ‘செட்’ செய்வதாக வரும் இடத்தில், தமிழ் விவிலியம் ‘வைத்தேன்’ என்கிறது.

சில வேலைகளில் மட்டும் நாம் வேறு வினைக்குப் போவோம். அவற்றைத் தனியே தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு மேஜையில் தட்டும் டம்ளரும் எடுத்து வைப்பது ‘செட் த டேபிள்’. நம் வீட்டில் அது இலை போடுவது. பாட்டுக்கு இசையைச் ‘செட்’ செய்வதை நாம் இசை அமைத்தல் என்போம், எழுத்தைச் ‘செட்’ செய்வதை அச்சுக் கோத்தல் என்போம். முறிந்த எலும்பைச் ‘செட்’ செய்வது எலும்பைக் கூட்டிக் கட்டுவது. இவை எல்லாவற்றிலும் விலகி நிற்கிற ஒன்றை அதன் இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்துகிற வேலை இருக்கிறது. எலும்புக்கு உரிய இடம் ஒன்று இருக்கிறது, எழுத்துக்கும் இருக்கிறது.

இரண்டாவது கிளை, உட்கார்ந்தது நகராது என்பது. இங்கிருந்துதான் ‘இறுகுதல்’, ‘உறைதல்’, ‘மாறாதது’ எல்லாம் வந்தன. வீடு கட்டுகிற இடத்தில் கொத்தனார், ‘காங்கிரீட் செட் ஆகட்டும், அதுக்குள்ள மிதிக்காதீங்க’ என்று சொல்வார். அவர் பேசுவது அசல் ஆங்கிலப் பொருள்தான். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: தண்ணீர் சேர்த்ததிலிருந்து குறைந்தது 30 நிமிடத்துக்கு அது இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும். முதலாவது ‘இனிஷியல் செட்டிங் டைம்’, அடுத்தது ‘ஃபைனல் செட்டிங் டைம்’. ஒரு ஊசியை இறக்கி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துத்தான் இதை அளப்பார்கள். சிமென்ட் உட்கார்ந்துவிட்டதா என்று ஊசியிடம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெல்லியும் கேக்கின் கிரீமும் இதே வகைதான். தயிருக்கு நாம் உறைதல், தோய்தல் என்று அழகான சொற்கள் வைத்திருக்கிறோம். அதற்கும் ஆங்கிலத்தில் ‘செட்’.

மனிதருக்கும் இது உண்டு. வயதாகிப் பழக்கம் மாறாதவரைச் ‘செட் இன் ஹிஸ் வேஸ்’ என்பார்கள். நம் ஊறிப்போன மனிதர். ‘செட் மீல்’ என்றால் இன்னின்னதுதான் என்று முடிவு செய்யப்பட்ட சாப்பாடு, மாற்றிக் கேட்க முடியாது. பள்ளி விளையாட்டு விழாவில் ‘ஆன் யுவர் மார்க், கெட் செட், கோ’ என்று கத்துவதும் இங்கேதான் சேரும். ‘செட்’ என்றதும் ஓட்டக்காரர் இடுப்பைத் தூக்கி, அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் தவறு.

பருவமழையும் இப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. அதை இந்திய வானிலைத் துறை அறிவிக்கும்போது மழை ‘செட் இன்’ ஆகிவிட்டது என்று எழுதும். ஒரு நாள் வந்து போகிற கோடை மழைக்கு அந்தச் சொல்லை எழுத மாட்டார்கள். ‘செட் இன்’ என்றால் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது, இனி சில மாதம் எழுந்து போகாது என்று பொருள். ‘ஸ்டார்ட்’டுக்கும் ‘செட் இன்’னுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு உதாரணம் கிடைத்ததில்லை. நோயும் குளிரும் ‘செட் இன்’ ஆகும். கல்யாணத்துக்கு அந்தச் சொல் வராது.

அடுத்து, ‘வினை’யை விட்டுப் பெயர்ச்சொல்லுக்குப் போனால் ஒரு திருப்பம் காத்திருக்கிறது. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் ‘செட்’ பிறப்பால் இந்தக் குடும்பமே இல்லை. லத்தீனில் பின்பற்றுவோர் கூட்டத்துக்குச் ‘செக்டா’ என்று பெயர்; சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதிலிருந்து வந்தது. அதே சொல் பழைய பிரெஞ்சில் ‘செட்’ என்று தேய்ந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. உள்ளே ஏற்கெனவே ஒரு ‘செட்’ இருந்தது. ஒலியும் ஒன்று, எழுத்தும் ஒன்று. ‘ஒன்றாகச் சேர்த்து வைக்கப்பட்டவை’ என்ற பொருளும் பொருந்திப்போனது. இரண்டு ஆறும் கலந்துவிட்டன. ஆகவே ‘அவன் எங்க செட்டு’ என்று ஒருவர் கல்லூரி நண்பனைச் சொல்லும்போது, அதில் பாதி உட்காருதல், பாதி பின்பற்றுதல். நானூறு பொருளையும் ஒரே வேரில் கட்டிவிடலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். மொழி அப்படி ஒழுங்காக வளர்வதில்லை.

கணிதத்தின் ‘செட்’ இந்தக் கலந்த ஆற்றிலிருந்து எடுத்தது. கணக் கோட்பாட்டின் தொடக்கம் என்று சொல்லப்படும் கட்டுரையை 1874இல் கேன்டர் என்ற கணிதவியலாளர் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். இந்தக் கருத்துக்கு அங்கே நிலைத்த பெயர் ‘மெங்கே’, அதாவது திரள். ஆங்கிலத்தில் அது ‘செட்’ ஆனது. தமிழில் நாம் கணம் என்றோம். பூதகணம், சிவகணம் என்று ஏற்கெனவே நம்மிடம் இருந்த சொல். மிக நல்ல தேர்வு என்பேன். உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் கண மொழி படித்திருப்பாள். அங்கே வந்த ‘செட்’டும் சன்செட்டின் ‘செட்’டும் பாதி உறவுதான் என்று தெரிந்தால் அவளுக்குப் பிடிக்கும்.

நம் ஊர்ப் பேச்சில் இந்தப் பெயர்ச்சொல் பிடித்த இடத்தைப் பாருங்கள். வயலில் பம்புசெட், திருவிழாவில் மைக்செட், தாத்தாவுக்குப் பல் செட், பண்டிகைக்கு இரண்டு செட் துணி, ஹோட்டலில் செட் தோசை, சீட்டாட்டத்தில் மூன்று ராஜா சேர்ந்தால் ஒரு செட். சினிமாக்காரர்கள் செட் போடுகிறார்கள். இவற்றில் எதையும் தமிழாக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். பம்புசெட் என்ற சொல் உழவர் வாயில் உழைத்துத் தமிழானது.

ஆனால் ‘செட் ஆகல’ என்பது வேறு கதை. ‘அந்த வேலை எனக்குச் செட் ஆகல’, ‘இந்தக் கலர் உனக்குச் செட் ஆகாது’ என்கிறோம். ஒத்துவரவில்லை, பொருந்தவில்லை என்பது பொருள். இது இன்றைய பொது ஆங்கிலத்தின் ‘செட்’டுக்குக் கிடையாது, நாமே வளர்த்தது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தன்வினை வரும்: ‘இட் டஸின்ட் சிட் ரைட் வித் மி.’ சட்டை உடம்பில் சரியாக நிற்பதற்கும் அவர்கள் ‘சிட்’ என்பார்கள். அவர்கள் ‘சிட்’ சொல்கிற இடத்தில் நாம் ‘செட்’ சொல்கிறோம். தேர்வில் அவள் இதை ‘இட் இஸ் நாட் செட் ஃபார் மி’ என்று எழுதிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கூட்டுகள். பிள்ளைகள் அதிகம் பயப்படுவது இவற்றுக்குத்தான். இங்கே ‘செட்’ கொஞ்சம் பின்னே நிற்கும். அடுத்து வரும் சிறு சொல்தான் திசை காட்டும். ‘அசைட்’ என்றால் ஓரமாக. ஆகவே ‘செட் அசைட்’ ஒதுக்கி வைத்தல். பணத்தை ஒதுக்கி வைத்தால் சேமிப்பு, தீர்ப்பை ஒதுக்கி வைத்தால் ரத்து. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒன்பதாம் கட்டளையின் 13ஆம் விதி இதற்கானது. ஒருவர் வராத நிலையில் அளித்த எக்ஸ்பார்ட்டி டிகிரியைச் ‘செட் அசைட்’ செய்யச் சொல்லி மனுப் போடலாம். சட்டம் பேசினாலும், பெட்டியின் ஓரத்தில் ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தாலும் கை செய்கிற வேலை ஒன்றுதான்.

‘பேக்’ என்றால் பின்னால். ‘செட்பேக்’ பின்னடைவு என்று செய்தித்தாளில் படிக்கிறோம். வீடு கட்டியவர்களுக்கு வேறொரு செட்பேக் தெரியும்: மனையின் எல்லையிலிருந்து இவ்வளவு அடி தள்ளித்தான் சுவர் எழுப்ப வேண்டும் என்று விட்டுவைக்கும் இடம். சுவரைப் பின்னால் தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

‘செட் ஆஃப்’தான் கொஞ்சம் வழுக்கும். பயணம் புறப்படுதல், வெடியைக் கொளுத்திவிடுதல், ஒன்றை எடுப்பாகக் காட்டுதல், வருமான வரியில் நஷ்டத்தை லாபத்தில் கழித்தல் என்று நான்கும் அதற்குள் வரும். ‘ஆஃப்’ என்றால் இருந்த இடத்தை விட்டு அகன்று. புறப்படுகிறவர் தன் இடத்தை விட்டு அகல்கிறார். வெடி தன் அமைதியை விட்டு அகல்கிறது. மஞ்சள் புடவைக்கு அரக்குக் கரை வைத்தால் மஞ்சள் தனியே விலகி எடுப்பாகத் தெரிகிறது. கணக்கில் ஒன்றுக்கு எதிரே இன்னொன்றை நிறுத்தி நீக்குகிறோம். ‘செட் அவுட்’டுக்கும் புறப்படுதல்தான் பொருள் என்றாலும், அதில் ஒரு நோக்கம் தொனிக்கும். ‘செட் அப்’ நிமிர்த்தி நிறுத்துதல்: கடை, குழு, கூடாரம். ஆளைப் பொய்யாக மாட்டிவிடுவதும் அதுதான். நம் வழக்கில் ‘செட்டப்’ என்று வருவதும் பெரும்பாலும் இந்தக் கெட்ட பொருளில்தான்.

நான் மிகவும் கவலைப்படும் இடம் ஒன்று உண்டு. ‘வை’ போகிற எல்லா இடத்துக்கும் ‘செட்’ போகாது. குழந்தைக்குப் பெயர் வைக்கிறோம், ரசம் வைக்கிறோம், நகையை அடகு வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், போனை வைக்கிறோம், இரண்டு வண்டி வைத்திருக்கிறோம். ஆறிலும் ‘செட்’ வராது. ஆறுக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு வினை. நம் பிள்ளைகள் இங்கே பெரும்பாலும் ‘கீப்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். ‘கீப் த புக் ஆன் த டேபிள்’ என்று எழுதுவார்கள். ஆங்கிலேயர் காதில் அது ‘புத்தகத்தை மேஜையிலிருந்து எடுக்காதே, அங்கேயே இருக்கட்டும்’ என்று விழும். ‘ஷி கெப்ட் எ நேம்’ என்ற விடைத்தாளைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். எழுதியவர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. தமிழில் ‘வை’ என்ற ஒரே வினை, இடத்தில் அமர்த்துவதையும் தன்னிடம் தக்கவைத்துக்கொள்வதையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆங்கிலம் முதல் வேலையைப் ‘புட்’, ‘செட்’, ‘ப்ளேஸ்’, ‘லே’ ஆகியவற்றுக்கும் இரண்டாவது வேலையைக் ‘கீப்’புக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இதை ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும், பாதித் தவறு நின்றுவிடும்.

ஆகவே உங்கள் மகளிடம் பட்டியல் எதுவும் கொடுக்காதீர்கள். ‘செட்’ வரும் வாக்கியம் கண்ணில் படும்போதெல்லாம் அவள் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: இங்கே உட்காருவது எது? உட்கார்ந்தபின் அது என்ன ஆகிறது? கல் தோட்டில் உட்காருகிறது, கழலாது. சிமென்ட் உட்காருகிறது, இறுகிவிடுகிறது. சூரியன் உட்காருகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. மழை வந்து உட்காருகிறது, போகாது. பூட்டிய கூண்டைத் திறந்து கிளியைச் ‘செட் ஃப்ரீ’ செய்தால் கிளி சுதந்திரத்தில் அமர்கிறது. விடை கிடைக்காத இடம் வந்தால் அது அந்த லத்தீன் ஆற்றின் ‘செட்’டாக இருக்கலாம், பத்தில் எட்டு முறை ‘ஒரு தொகுதி’ என்று வைத்துப் பார்த்தால் பொருந்திவிடும்.

தேர்வு என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த வினைக்கு இறந்தகாலம் ‘செட்’, ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ என்கிற முடிவெச்சமும் ‘செட்’. ‘செட்டட்’ என்று ஒரு வடிவம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்குச் ‘செட்டெ’ என்று ஒரு வால் இருந்தது. நாளடைவில் அந்தக் கடைசி உயிரொலி தேய்ந்து உதிர்ந்தது; நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒன்றாகிவிட்டன. ட் ஒலியில் முடியும் கட், ஷட், ஹிட், ஹர்ட், காஸ்ட் போன்ற குட்டி வினைகள் பலவும் இன்று இதே மாதிரி நிகழ்காலம், இறந்தகாலம், முடிவெச்சம் மூன்றுக்கும் ஒரே உருவத்தோடு நிற்கின்றன. அவற்றைச் ‘செட்’டோடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.